பலகை அகலத்துக்கு ஒரு ஷோல்டர்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். எங்கள் தொழிலைப் பற்றி உரக்கப் பேசினால், போகிற வருகிறவர் யாராவது நின்று, "அதை இப்படி மாத்திட முடியுமா?" என்று கேட்டுவிடுவார். ரோடு டிசைன் அப்படிப்பட்ட தொழில். ரோட்டில் போகிற அத்தனை பேருக்கும் ரோட்டைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதை வரைகிறவனுக்கு மட்டும் இருக்கக் கூடாது. நீங்களும் ஏதோ ஒரு ஆபீஸில், ஏதோ ஒரு திரையை முறைத்துப் பார்த்துக் கண் பூத்தவர் என்றால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

என் பேர் ஏழுமலை. படிப்பு எட்டாவது வரைக்கும். பிளான் பிரின்ட் போடுகிற கடையில் நுழைந்து, படம் வரையப் பழகி, அப்புறம் மவுஸ் பிடிக்கப் பழகி, இப்போது படப்பையில் ஒரு பேக்கரி மாடியில் இருக்கிற சின்ன டிசைன் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். முதலாளி குமரேசன் சார். டிசைன் எல்லாம் ஸ்டெல்லா பொறுப்பு. மணிமங்கலத்துப் பெண், எம்.இ. படித்தவள். அவள் யோசிப்பாள், நான் அவள் சொல்லச் சொல்ல ரோட்டின் கம்ப்யூட்டர் மாடலில் போடுவேன். இங்கே சொல்லப்போவது எல்லாம் ஒரே ரோட்டின் சமாச்சாரம். ஒரகடம் மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து சேரப்பணஞ்சேரிப் பக்கம் போகிற கிளை ரோடு. டிரெய்லர் லாரிகளுக்காக அதை அகலமாக்குகிறார்கள். என் வீடும் அந்த ரோட்டை ஒட்டித்தான். அதனால் அந்த வேலை முடிகிற வரைக்கும் எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும்.

முறுக்கு அச்சு

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தூரத்துச் சொந்தம். "இப்ப இன்னா வேல பாத்துகினு கீறே?" என்று கேட்டார். "கம்ப்யூட்டர்ல ரோடு போடறேன் அண்ணே" என்றேன். அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சரி, விளக்கமாகச் சொல்லிவிடுவோம் என்று ஆரம்பித்தேன்.

"வூட்ல முறுக்கு பிழியறாங்க இல்ல, அந்த மாதிரிதான். ரோட்டை இந்தாண்டைலேந்து அந்தாண்டை குறுக்கால அறுத்தா எப்படித் தெரியும்? நடுவுல தாரு, ரெண்டு ஓரத்துலயும் வெள்ளைக் கோடு, கோட்டுக்கு வெளிய ஒதுங்கி நிக்க கொஞ்சம் எடம், அதுக்கு அப்பால காவா. இதான் அச்சு. ரோடு போற வழிக்கு ஒரு கோடு போட்டு, அச்சை அது மேல வெச்சு அழுத்தினா, ரோடு நீட்டுக்கும் பிழிஞ்சுகினே போவும். அதைக் காரிடார்ம்பாங்க. ஒதுங்கி நிக்கிற எடத்துக்கு ஷோல்டர்னு பேரு. எங்க தொழில்ல முக்கால்வாசிச் சண்டை அந்த ஷோல்டருக்குத்தான்."

அவர் ரசத்தைப் பாத்தி கட்டி, பொறுமையாகக் கேட்டு முடித்தார். கையைக் கழுவப் போகும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: "கம்ப்யூட்டர்ல போட்டா மழைக்குக் கரையாது இல்ல? அப்ப எங்க தெருவுக்கும் ஒண்ணு போட்டு வுடு."

சதுர மலை

ரோட்டை வரைவதற்கு முன்னால் தரை எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். வெளியூர்ப் பார்ட்டி ஒன்று டிரோனைப் பறக்கவிட்டு, மேலிருந்து படம் பிடித்து, மேடு பள்ளத்தை எல்லாம் ஒரு ஃபைலாக அனுப்பிவைத்தது. அதை ஏற்றி, அச்சை வைத்து அழுத்தினோம். திரையில் பார்த்தால் வலது பக்கத்து ஷோல்டரை ஒட்டி வரிசையாக மலை. அதுவும் சதுரம் சதுரமாக மலை. மலையைக் கண்டால் மாடல் சும்மா இருக்குமா? சரிவைச் செதுக்கிக்கொண்டு உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. குமரேசன் சார் வந்து எட்டிப் பார்த்தார். தினமும் அந்த வழியாகத்தான் பைக்கில் வருகிறவர். திரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "நான் கவனிக்கவே இல்லியே" என்றார், நிஜமாகவே.

ஸ்டெல்லா மலையின் உயரத்தை ஒரு தரம் அளந்தாள். நீளத்தை ஒரு தரம் அளந்தாள். அப்புறம் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு, "அண்ணா, வாங்க" என்றாள். போய்ப் பார்த்தால் மலை இருக்க வேண்டிய இடத்தில் டிரெய்லர் லாரிகள், ஒன்றின் மூக்கு மற்றதன் முதுகில் இடிக்கிற மாதிரி நின்றிருந்தன. கம்பெனி கேட்டில் கூப்பிடுகிற வரைக்கும் அவற்றுக்கு ஷோல்டர்தான் வீடு. டிரோன் வந்த அன்றைக்கும் நின்றிருக்கின்றன. லாரிக் கூரையை எல்லாம் தரை என்று அது எழுதிக்கொண்டு போய்விட்டது.

நாமக்கல் பக்கத்து டிரைவர் ஒருவர் லாரி நிழலில் ஸ்டவ் பற்றவைத்துக் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தார். "அண்ணா, வண்டிய எப்ப எடுப்பீங்க? இங்க மறுபடி அளக்கணும்" என்று ஸ்டெல்லா கேட்டாள். அவர் கரண்டியை உள்ளங்கையில் தட்டி உப்புப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் நகந்தா அடுத்தவன் வந்து நிப்பான் மேடம். நீங்க மலைன்னே போட்டுக்குங்க."

நீலப் பட்டை

மாடலில் ஒரு இடத்தில் கையை வைத்தால், காரிடார் மொத்தத்தையும் அது மறுபடி பிழியும். அதற்கு ரிபில்ட் என்று பேர். திரைக்குக் கீழே ஒரு நீலப் பட்டை ஊர்ந்துகொண்டு போகும். அது ஊர்கிற நேரத்தில் மவுஸைத் தொட்டால் போச்சு. திரை வெளுத்துப்போய் நிற்கும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உங்கள் ஆபீஸிலும் இப்படி ஒன்று இருக்கும், பேர் மட்டும் வேறாக இருக்கும். அந்த நேரத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாது. கால் தானாக ஆடும். கீழே பேக்கரியில் பன் வேகிற வாசனை மாடி ஏறி வரும். எழுந்து போகவும் மனசு வராது, உட்காரவும் முடியாது.

ஃபைனல் மாடலைக் கொடுக்க அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் நாள் இருந்தது. ஆனாலும் கிளையண்ட் ஆபீஸ் இன்ஜினியர் ரகுநாதன் சார் காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டிருந்தார். "ஆச்சா?" என்று கேட்பார். "ஓடிக்கினு கீது சார்" என்பார் எங்கள் முதலாளி. போனை வைத்ததும் ஸ்டெல்லாவின் நாற்காலிக்குப் பின்னால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடப்பார். பட்டை முக்கால்வாசி வந்து நின்ற மாதிரி இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. "தூங்கிடுச்சான்னு பாக்கறேன்" என்று மவுஸை லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

திரை வெளுத்தது. ஸ்டெல்லா துப்பட்டாவை முதுகுக்குப் பின்னால் முடிந்துகொண்டு, கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போட்டாள். முதலாளி தூரமாகப் போய் என் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ செய்த தப்புக்கு வருத்தப்படுகிறவர் மாதிரி சொன்னார்: "இது போற வேகத்துக்கு நாம மூணு பேரும் மண்வெட்டிய எடுத்துகினு போயிருந்தா, இந்நேரம் பாதி ரோடு போட்டிருக்கலாம்."

இடது எந்தப் பக்கம்

எங்கள் தொழிலில் இடது வலது என்பது சும்மா கை காட்டிச் சொல்கிற விஷயம் இல்லை. ரோடு எந்த முனையில் ஆரம்பிக்கிறது என்று மாடலில் போட்டிருக்கிறோமோ, அங்கே நின்று மறுமுனையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் மாடல் ஒரகடம் முனையில் ஆரம்பித்தது. ரகுநாதன் சாரோ எப்போதும் சேரப்பணஞ்சேரிப் பக்கமிருந்து காரில் வருகிறவர். அவர் படத்தைப் பார்த்து, "கடைங்க கிட்ட இடது ஷோல்டர இன்னும் கொஞ்சம் அகலமாக்குங்க" என்று எழுதிவிட்டார். அவருடைய இடது எங்களுடைய வலது. நாங்கள் எங்களுடைய இடதை அகலமாக்கினோம்.

சைட்டில் ரோட்டு ஓரத்தைக் குறித்து முளைக் குச்சி அடிக்கிற ஆட்கள் எங்கள் படத்தைப் பார்த்து அடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு குச்சி நேராக இட்லிக் கடை அடுப்புக்கு முன்னால் இறங்கியிருக்கிறது. கடைக்கார அக்கா குச்சியைப் பிடுங்கி அடுப்பில் வைக்காமல் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார், அது அவருடைய பெருந்தன்மை. நானும் ஸ்டெல்லாவும் ஓடிப்போய், "தப்பாயிடுச்சுக்கா, இது அந்தப் பக்கம் வரணும்" என்று சொன்னோம். எதிர்க் கடைக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து, "இன்னாது, இந்தப் பக்கமா?" என்று எழுந்து வந்தார். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நாங்கள் நின்றுகொண்டு படத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தோம்.

அக்கா இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடிவிட்டுச் சொன்னார்: "படிச்சவங்க நீங்க எல்லாரும் சேந்து எது இடதுன்னு ஒரு முடிவுக்கு வாங்க. அதுக்குள்ள எனக்கு அடுத்த ஈடு வெந்துடும்."

ஓரம் தொலைந்த இடம்

லாரி நகர நகர அளந்து முடித்ததில் மலை போய்விட்டது, இடது வலது சரியாகிவிட்டது. இனிமேல் நிம்மதி என்று நான் மாடலில் ரோட்டின் மேலேயே ஊர்ந்துகொண்டு போனேன். கடைசியாக ஒரு தரம் பார்ப்பது எங்கள் வழக்கம். எங்கள் ஊர்த் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தபோது ஷோல்டர் மெலிய ஆரம்பித்தது. வேட்டி முனை மாதிரி கூம்பிக்கொண்டே போய், ஒரு பலகை அகலத்துக்கு வந்து, அப்படியே கொஞ்ச தூரம் ஓடி, மறுபடி அகலமானது.

மாடல்மேல் குற்றம் இல்லை. அரசாங்க நிலம் எது வரைக்கும் இருக்கிறதோ அதற்குள்ளேயே காவாயும் ஷோல்டரும் அடங்க வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லிவைத்திருந்தோம். அந்த இடத்தில் ஒரு குடோனின் சுவர் ரோட்டுப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிறது. நில எல்லை உள்ளே வருகிறது. தாரின் அகலத்தைக் குறைக்க முடியாது, திறந்த காவாயின் அகலத்தையும் குறைக்க முடியாது. அதனால் மாடல் விசுவாசமாக ஷோல்டரை விழுங்கிவிட்டது. திரையில் அது ஒரு மெலிந்த மஞ்சள் கோடு. ஆனால் எனக்கு அந்த இடம் தெரியும். அங்கேதான் கம்பெனி பஸ் நிற்கும். கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்கிற கம்பெனியில் என் மருமகள் கவிதாவுக்கு வேலை. அவளும் அவள் கூட்டமும் இரண்டாவது ஷிப்டுக்குப் போக அந்த மண் தரையில்தான் நிற்பார்கள். அந்த மண் தரை புது ரோட்டில் தார் ஆகிறது. டிரெய்லர்கள் ஓடுகிற தார்.

வீட்டுக்குப் போனதும், அன்றைக்கு லீவில் இருந்த கவிதாவிடம் கேட்டேன், பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்ல முடியாதா என்று. "இந்தாண்ட வளைவு மாமா, வர்ற வண்டி தெரியாது. அந்தாண்ட பாலம், ஒதுங்கவே எடம் இல்ல. எல்லாம் பாத்துத்தான் டிரைவரு அங்க நிறுத்தறாரு" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இப்ப மண்ணு கீது, நிக்கிறோம். நீங்க ரோடு போட்டதுக்கு அப்பறம் நாங்க எங்க நிக்கிறதுன்னு, அதையும் அந்தக் கம்ப்யூட்டரையே கேட்டுச் சொல்லிடுங்க மாமா."

கூட்டம்

மறுநாள் காலையில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பேனா மூடியைக் கடித்தாள். "காவாய்க்கு மூடி போட்டுட்டா?" என்றாள், தனக்குத்தானே. திறந்த காவாய்க்குப் பதிலாக அந்தத் துண்டுக்கு மட்டும் காங்கிரீட் மூடி போட்ட காவாய். மூடியும் ஷோல்டரும் ஒரே மட்டம். பலகை அகலம், ஆள்கள் நிற்கிற அகலமாகிவிடும். நிலமும் வேண்டாம், சுவரையும் தொட வேண்டாம். அந்தத் துண்டுக்கு மட்டும் வேறு அச்சு, அவ்வளவுதான்.

அன்றைக்கே ஆன்லைன் கூட்டம் இருந்தது. ரகுநாதன் சார் திரையில் ஒரு சின்னச் சதுரத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா விளக்கினாள். நான் கேமராவுக்கு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தேன். குமரேசன் சார் மேஜைக்கு அடியில் கையை ஆட்டினார், போதும் விடு என்று. அடுத்த ரோடும் அவர்கள் கொடுக்க வேண்டியதுதானே. அவர் பயம் அவருக்கு.

ரகுநாதன் சார் கெட்ட மனுஷர் இல்லை. பாதியில் வெட்டாமல் முழுக்கக் கேட்டார். "ரோட்டோட குறுக்கு வெட்டு முழு நீளத்துக்கும் ஒரே மாதிரின்னு அப்ரூவ் ஆயிருக்கும்மா. ஒரு துண்டு மட்டும் வேற மாதிரி இருந்தா மேல கேள்வி வரும். கேள்வி வந்தா வெள்ளிக்கிழமை போயிடும்" என்றார். ஸ்டெல்லா, "ஆனா சார், அங்க ஜனங்க நிக்கிறாங்களே" என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வருத்தத்தோடுதான் கேட்டார்: "நிக்கிறாங்க, சரி. அது மாடல்ல எந்த லேயர்ல வருது?"

பொம்மைகள்

மாடலில் வராததுதான் குறை என்றால் வரவைத்துவிடுவோம் என்று ஸ்டெல்லா கிளம்பினாள். முடித்த ரோட்டில் காரில் போகிற மாதிரி ஒரு வீடியோ எடுக்கிற வசதி அந்த சாஃப்ட்வேரில் உண்டு. பலகை அகலத்து ஷோல்டரில் மனுஷ பொம்மைகளை நிறுத்தினாள். பெண் பொம்மைகள். கிடைத்தது எல்லாம் கோட்டு சூட்டுப் போட்ட வெளிநாட்டுப் பொம்மைகள். "டிபன் பை இல்லியேம்மா" என்றேன். அதற்கும் ஒரு பெட்டியை எங்கிருந்தோ கொண்டுவந்து கையில் மாட்டினாள். எதிரில் ஒரு பஸ்ஸை வைத்தாள், பக்கத்தில் ஒரு டிரெய்லரை விட்டாள். பொம்மைகளின் மூக்குக்கு முன்னால் டிரெய்லர் டயர் உருண்டது. பார்த்துக்கொண்டிருந்த நானே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். டீ வந்தது, ஆறியது. ஸ்டெல்லா ஒரு பேப்பரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். சாயங்காலம் ரகுநாதன் சாரே கூப்பிட்டார். குரலில் நல்ல சந்தோஷம். "வீடியோ பிரமாதம்மா, மேலிடத்துக்கும் காட்டலாம். அந்தப் பொம்மைங்கள மட்டும் எடுத்துடுங்க, ரோட்டை மறைக்குது."

சுண்ணாம்புக் கோடு

வியாழக்கிழமை. மறுநாள் கொடுக்க வேண்டும். காலையிலேயே ஸ்டெல்லா ரகுநாதன் சாருக்குப் போன் போட்டு, "சார், குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாயின்ட் சைட்ல சரிபாக்கணும். நீங்க கூட இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். நேரத்தையும் அவளே சொன்னாள். முந்தின நாள் என்னிடம் கவிதாவின் நம்பரை வாங்கியிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஸ்டெல்லா இப்படிப் பேசாமல் இருக்கிறபோது கேட்கக் கூடாது.

மதியம் அவர் வந்தார். தலையில் ஹெல்மெட், மின்னுகிற ஜாக்கெட், புது ஷூ. ஸ்டெல்லா சாட்டிலைட் சிக்னலில் இடம் காட்டுகிற அளவைக் கோலைப் பிடித்துக்கொண்டு, அது காட்டுகிற இடத்தில் எல்லாம் நிறுத்தி, "இங்க" என்றாள். நான் அங்கங்கே சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே போனேன். மண் தரைக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. புது ரோட்டின் தார் அது வரைக்கும் வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை அகலம். அதற்குப் பின்னால் இப்போதே ஓடுகிற காவாய், அதற்குப் பின்னால் குடோன் சுவர். "சார், இந்தக் கோலைக் கோட்டுக்கு வெளிய நின்னு பிடிங்க. நேரா பிடிங்க, கோல்ல இருக்கிற அந்த மட்டக் குமிழி நடுவுல இருக்கணும்" என்று அவர் கையில் கொடுத்தாள். அவர் பிடித்தார். அவள் தூரமாகப் போய்க் கையில் இருந்த சின்னத் திரையைத் தட்டினாள். "இன்னும் சிக்னல் சரியா வரல சார், அப்படியே இருங்க" என்றாள். திரையை நான் எட்டிப் பார்த்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் கவிதா வந்தாள். கோட்டைப் பார்த்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி, "இது இன்னாக்கா?" என்றாள். "புது ரோடு இது வரைக்கும் வருது. உள்ள டிரெய்லர் போவும். நீங்க கோட்டுக்கு வெளிய நிக்கணும்" என்றாள் ஸ்டெல்லா. கவிதா போய் ரகுநாதன் சாருக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் சைக்கிளில் வந்து இறங்கியவர்கள், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியவர்கள் என்று யூனிஃபார்ம் போட்ட பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவளுக்கு நின்றவள் சொன்னாள்: "கோட்டுக்கு வெளியடி, உள்ள லாரி." எல்லோரும் அந்தப் பலகைக்குள் இறங்கினார்கள். "ஏய், டிபன் பை குத்துது." "நீ வயித்த உள்ள இழு." "சார், அந்தக் குச்சிய கொஞ்சம் தூக்கிக்கிறீங்களா, பின்னல்ல மாட்டுது." ரகுநாதன் சார் ஒரு கையில் கோல், ஒரு கையில் ஹெல்மெட், கண் மட்டும் குமிழியில். அந்தக் கடமை உணர்ச்சியை நான் மெச்சத்தான் வேண்டும்.

இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. வரிசை ஒரு தரம் அலை மாதிரி அசைந்தது. ரகுநாதன் சாரின் புது ஷூ காவாய்க்குள் இறங்கியது. யாரும் தள்ளவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அங்கே தள்ளுவதற்குக் கையை நீட்டக்கூட இடம் இல்லை. இரண்டு பேர் அவர் கையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒருத்தி மரியாதையாக, "சார், கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்களேன், மத்தவங்களும் நிக்கணும்" என்றாள். அவர் ஈரக் காலை உதறிக்கொண்டு, முன்னாலும் பின்னாலும் பார்த்தார். "எங்கம்மா தள்ளி நிக்கிறது? முன்னாடி ரோடு, பின்னாடி காவா" என்றார்.

வரிசையின் நடுவிலிருந்து கவிதா சொன்னாள்: "அதத்தான் சார் நாங்களும் கேட்டுகினு கீறோம்."

பேர் வைத்தல்

பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. ரகுநாதன் சார் காரின் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினார். ஸ்டெல்லா கோலைத் துடைத்துப் பையில் போட்டாள். அவராகவே, "மூடி போட்டுடுங்கம்மா. மேல கேட்டா நான் பேசிக்கிறேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தச் சிக்னல் கடைசியில வந்துச்சா?" என்று கேட்டார். "வந்துடுச்சு சார்" என்றாள் ஸ்டெல்லா. அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார், அப்புறம் சாக்ஸைப் பிழிய ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை. அந்தத் துண்டுக்கு வேறு அச்சு வைத்தோம். நீலப் பட்டை ஊர்ந்தது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். பட்டை முடிந்தது, மெலிந்த மஞ்சள் கோடு அகலமாகிவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் குமரேசன் சாருக்கு இல்லை. அவர் இந்தத் தொழிலில் அடிபட்டவர். ஒரு ரோட்டில் கோயில் மரத்துக்காக நாங்கள் வளைத்து வைத்த ஷோல்டரை, பின்னால் வந்த யாரோ ஓர் அதிகாரி நேராக்கிவிட்டதை அவர் பார்த்திருக்கிறார். "இன்னிக்கு இவரு ஒத்துகினாரு. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து, 'இந்த எடம் மட்டும் ஏன் வேற மாதிரி கீது, எல்லாத்தையும் ஒண்ணாக்கு'ன்னு சொன்னா, ஒரு கிளிக்குல போயிடும். யாரு கேக்கறது?" என்றார். ஷூ நனைந்தவர் வேறு ஆபீஸுக்கு மாறிவிட்டால் அந்த ஈரமும் கூடவே போய்விடும். அதுவும் உண்மைதான். என் கால் மறுபடி ஆட ஆரம்பித்தது.

காரிடாரில் அச்சு மாறுகிற ஒவ்வொரு துண்டுக்கும் நாம் ஒரு பேர் வைக்கலாம். வைக்காவிட்டால் மாடலே ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுக்கொள்ளும். எங்கள் ஆபீஸில் யாரும் மெனக்கெட்டு வைத்தது இல்லை. வைத்துவிட்டால் அந்தப் பேர் எல்லாப் படத்திலும், எல்லா ரிப்போர்ட்டிலும், மேலே எத்தனை ஆபீஸுக்குப் போனாலும் கூடவே போகும். அழிக்க நினைக்கிறவர் முதலில் அந்தப் பேர்மேல் கையை வைத்தாக வேண்டும்.

ரோட்டோரத்தில் ஜனம் நிற்கிற இடம் நிலைக்க வேண்டுமானால், அங்கே ஒருநாள் மட்டும் நின்ற பெரிய மனுஷர் ஒருவர்தான் அதற்குக் காவல் போலிருக்கிறது: ஸ்டெல்லா ரகுநாதன் சாருக்கே போன் போட்டு, இனிஷியல் ஒன்றா இரண்டா என்று ரொம்பப் பணிவாகக் கேட்டு, அந்தத் துண்டு ஷோல்டருக்கு அவர் பேரைப் பட்டத்தோடு முழுசாக அடித்து, சேவ் பண்ணிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தாள்.